குடிலுக்கு ஒரு பிடி பாசி

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் அமைந்த ஒரு சிற்றூரின் பங்குக்குருவாக நாம் பொறுப்பேற்றது 2017-ஆம் ஆண்டு சூன் மாதம். சமவெளியில் பிறந்து, சமவெளிக் குருமடத்தில் பயின்று, வெயிலும் புழுதியும் மிகுந்த பங்குகளிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்ட நமக்கு, மலையின் ஈரமும் மூடுபனியும் புதியவை. பங்கு இல்லத்தின் வடபுறச் சுவரில் முழங்கால் உயரத்திற்குப் படர்ந்திருந்த பச்சையைக் கண்டவுடன் நாம் சொன்ன முதற்சொல், "இதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்" என்பதே.

இன்று அதே சுவரின் அடியில் நாம் பாசி வளர்க்கிறோம். காலைச் செபம் முடிந்ததும் பூவாளியை எடுத்துக்கொண்டு அங்கேதான் செல்கிறோம். ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் தராத ஒன்றுக்குச் சாமியார் நீர் தெளிப்பதைக் கண்டு ஊர்ச் சிறுவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே தெளிக்கிறார்கள். இந்த மாற்றம் நேர்ந்த விதத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். அதில் நம்முடைய பிழை ஒன்றும் அடங்கியுள்ளது. அதை மறைத்துவிட்டுப் பாசியைப் பற்றி மட்டும் எழுதுவது முறையாகாது.

பரிசு பெற்ற குடில்

நம் பங்கில் ஓர் உபதேசியார் இருந்தார். நாம் வந்தபோதே எழுபதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளாக ஆலயத்தின் கிறிஸ்து பிறப்புக் குடிலை அமைத்து வந்தவர் அவரே. திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்தில் ஒரு மூங்கிற் கூடையுடன் ஓடையோரம் செல்வார். மாலையில் கூடை நிறையப் பாசியுடன் திரும்புவார். ஒரு பாறையில் உள்ளங்கை அகலம், இன்னொரு பாறையில் உள்ளங்கை அகலம் என்று எடுப்பாரேயன்றி, ஓரிடத்தில் இரண்டு பிடி எடுக்கமாட்டார். காரணம் கேட்டோம். "எடுத்த எடம் தெரியக்கூடாது சாமி" என்றார். அதை ஒரு முதியவரின் பழக்கம் என்று எண்ணி விட்டுவிட்டோம்.

குடிலில் பாசி பரப்புவது பழைய வழக்கம். 1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிசு அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு அமைத்ததிலிருந்து குடில் மரபு பரவிற்று என்பதை நம் குடும்பங்கள் அறியும். பின்னாளில் இத்தாலி, இசுப்பானியா முதலிய நாடுகளில், இடையர்களின் புல்வெளியாகப் பாசியைப் பரப்பும் பழக்கம் வேரூன்றியது. மறைபரப்பாளர்களோடு குடில் நம் நாட்டிற்கு வந்தது. மலைப் பங்குகளில் கைக்கு எட்டிய பாசியும் அதில் இடம்பெற்றது.

2017-ஆம் ஆண்டில் மறைவட்ட அளவில் குடில் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. புதிதாக வந்த பங்குக்குருவுக்கு ஆர்வம் இருக்குமல்லவா? பெத்லகேம் மலை முழுவதையும் பாசியாலேயே எழுப்புவது என்று நாம் தீர்மானித்தோம். உபதேசியாரின் கூடை இதற்குப் போதாது. இளைஞர் குழுவினரை அழைத்தோம். ஊரை ஒட்டிய காப்பித் தோட்டத்தினூடே ஓடும் ஓடையில் அகன்ற பாறை ஒன்று உண்டு. தோட்ட உரிமையாளரிடம் அனுமதியும் பெற்றோம். இளைஞர்கள் மண்வெட்டியால் கம்பளத்தைச் சுருட்டுவதுபோல் பாசியை உரித்து, ஒன்பது சாக்குகளில் கட்டிச் சுமந்து வந்தார்கள்.

குடில் அழகாகவே அமைந்தது. முதற்பரிசும் கிடைத்தது. ஆனால் வண்ண விளக்குகளின் சூட்டில் பத்தே நாளில் மலை முழுவதும் பழுப்பேறிற்று. மூவரசர் திருநாள் முடிந்ததும் ஒன்பது சாக்குப் பாசியும் குப்பைக் குழிக்குச் சென்றது. அவ்வாண்டு உபதேசியார் குடிலைப் பார்க்க வரவில்லை என்பதை நாம் கவனித்தோம். மூட்டுவலி என்றார்கள், நம்பினோம்.

சனவரி மாதக் கடைசியில் ஒருநாள் அவரே வந்து, "சாமி, கொஞ்சம் நடக்கலாமா?" என்று அழைத்தார். ஓடைப் பாறைக்குக் கூட்டிச் சென்றார். நம் ஆலயத் தரையில் பாதி அளவிருக்கும் அந்தப் பாறை, தோலுரித்த ஆட்டைப்போல் கிடந்தது. பாசிக்கு அடியில் எத்தனையோ ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கருமண், பிடிமானமின்றி ஓடையில் கரைந்து போயிருந்தது. பாறைச் சந்துகளில் நின்ற சிறு பெரணிகள் வாடித் தொங்கின.

"எங்கம்மா தண்ணி எடுக்க வரப்போ என்னைய இந்தப் பாறையிலதான் உக்கார வைப்பாங்க சாமி. பங்குனி வெயில்லகூட கை வச்சா ஈரமா இருக்கும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "பரிசு எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. அலுவலக அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

நாம் செய்தது சட்டப்படி குற்றமன்று. தனியார் நிலம், அனுமதியும் உண்டு. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் எடுத்திருந்தால்தான் வனத்துறையினர் கேட்டிருப்பார்கள். ஆயினும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து, "யாரும் தடுக்கவில்லை சாமி" என்று பிறர் சொல்லக் கேட்டபோதெல்லாம் நாம் என்ன பதில் சொன்னோம் என்பது நம் நினைவுக்கு வந்தது. அன்று மாலை உபதேசியாரிடம் ஒரு வாக்குக் கொடுத்தோம்: இனி நம் கையால் வளர்த்த பாசி அன்றி, வேறு பாசி நம் குடிலில் இடம்பெறாது.

எது பாசி?

வாக்குக் கொடுப்பது எளிது. பாசியை வளர்ப்பது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் பாசி என்பது யாது என்பதே நமக்குத் தெளிவில்லை. தமிழில் இச்சொல் பலவற்றுக்குப் பொதுவாக நிற்கிறது. குளத்து நீரில் மிதப்பதும் பாசி. சங்கப் புலவர் பசலைக்கு உவமை கூறியது அந்த நீர்ப்பாசியைத்தான். கறி மசாலையில் நம் தாய்மார் சேர்க்கும் கல்பாசி, பாசியே அன்று. அது பூஞ்சையும் நுண்பாசியும் கூடி வாழும் ஓர் உயிரினம். கடற்பாசி வேறு. நாம் பேசுவது, மண்ணிலும் பாறையிலும் மரப்பட்டையிலும் மெத்தைபோல் படரும் நிலப்பாசியை. பள்ளிப் பாடநூல்களில் மாஸ் என்றும், அது சேர்ந்த பெருங்குடும்பம் பிரையோபைட்டு என்றும் குறிக்கப்பெறும். உலகில் ஏறத்தாழ 12,000 வகைப் பாசிகள் உள்ளன.

இச்சிறு செடிக்கு உண்மையான வேர் கிடையாது. வேர்போல் தோன்றும் மெல்லிய இழைகள் பற்றிக்கொள்ள மட்டுமே உதவும். உணவு உறிஞ்சுவது அவற்றின் முதன்மைப் பணியன்று. நீரைத் தண்டின் வழியே மேலேற்றும் குழாய்களும் பெரும்பாலானவற்றில் இல்லை. மழையையும் பனியையும் இலைப்பரப்பினாலேயே நேரடியாகப் பருகுகின்றன. பல வகைகளில் இலை ஒரே ஓர் உயிரணுப் பருமனே உடையது. எனவே காற்றில் ஈரம் இருந்தால் பாசியிலும் ஈரம் இருக்கும். காற்று உலர்ந்தால் பாசியும் உலரும். ஆனால் உலர்ந்த பாசி இறந்த பாசி அன்று. வற்றிச் சுருங்கி, பழுப்பேறி, உயிரை உள்ளடக்கிக் காத்திருக்கும்; நீர் பட்ட சில நிமிடங்களில் விரிந்து பசுமை கொள்ளும். இதை முதன்முறை கண்ணாரக் கண்டபோது நாம் அடைந்த வியப்பு பெரிது.

பூவும் இல்லை, விதையும் இல்லை. ஆணுயிரணு நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று பெண்ணுயிரணுவைச் சேர வேண்டும். அதற்கு ஒரு மழைத்துளியாவது தேவை. பின்னர் ஊசிபோல் ஒரு காம்பு எழும். அதன் முனையில் ஒரு சிறு செப்பு. அதிலிருந்து துகள் போன்ற வித்துகள் காற்றில் பறக்கும். இவை தவிர, பாசியின் உடைந்த துணுக்கே புதுச் செடியாகத் தழைக்கவும் வல்லது. பாசி வளர்க்க விரும்புவோர்க்கு இந்த இறுதிச் செய்தியே முதன்மையானது.

இதைப் பற்றித் தேடியபோது நமக்கு இன்னொரு செய்தி கிட்டியது; குருவாகிய நமக்கு அது நாணத்தையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்தது. நாம் வாழும் இதே மலையில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி உள்ளது. அங்கு வாழ்ந்த ஃபொரோ அடிகளார் என்னும் பிரெஞ்சுக் குரு, இம்மலைகளில் நடந்து பாசிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவரது கட்டுரை 1961-ஆம் ஆண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பாசிப் பேரினம் ஒன்றுக்கு ஃபொரோயெல்லா என்று அவர் பெயரையே அறிஞர்கள் சூட்டினார்கள். ஒரு குரு இம்மலைப் பாசிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்த இன்னொரு குரு அவற்றை ஒன்பது சாக்குகளில் கட்டிக் குப்பையில் கொட்டினார். இவ்வெண்ணம் நம்மை நெடுநாள் விடவில்லை.

மூன்று தோல்விகள்

2018-ஆம் ஆண்டு ஆலயத்தின் பழைய நாட்டு ஓடுகளை மாற்றினோம். இறக்கிய ஓடுகளில் பாசி திரண்டிருந்தது. காட்டைத் தொடாமல் கிடைத்த முதல் விதை அதுவே. செடி என்றால் எரு வேண்டும் என்னும் சமவெளி அறிவினால், மக்கிய சாணம் கலந்து, நன்றாகக் கொத்தி, பொலபொலவென்று பாத்தி கட்டி அதில் பதித்தோம். இரண்டு மாதத்தில் அருகும் கோரையும் செழித்தன. பாசி அழுகி மறைந்தது. கொழுத்த மண் களைக்கு ஏற்றதே அன்றிப் பாசிக்கு ஏற்றதன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அடுத்து, மோருடன் பாசியை அரைத்துச் சுவரிலும் கல்லிலும் பூசினால் தானே முளைக்கும் என்று எங்கோ படித்த நினைவு. சமையற்கார அம்மா அம்மியைத் தர மறுத்துவிட்டார். பழைய உரல் ஒன்றில் இடித்துப் பூசினோம். மூன்றாம் நாள் நாற்றம். ஐந்தாம் நாள் வெண்பூஞ்சை. அதன் பிறகு எறும்பும் பூனையும். மழைக்காலத் தொடக்கத்தில் எஞ்சியதையும் தூறல் கழுவிச் சென்றது. மோர் மனிதன் குடிப்பதற்கே என்று முடிவு கட்டினோம்.

மூன்றாவது முயற்சியில்தான் உபதேசியாரைக் கலந்தோம். முன்னரே கேட்டிருக்கலாம், பாறையில் நின்ற நாளுக்குப் பின் அவர் முகம் பார்த்துப் பேச நமக்குத் தயக்கமாக இருந்தது என்பதே உண்மை. அவர் வந்து பாத்தியைப் பார்த்துவிட்டு, "கொத்தாதீங்க சாமி, மிதிங்க" என்றார். மண்ணை இறுக மிதித்துச் சமன்படுத்தி, மேலே பாசியைப் பரப்பி, அதையும் மிதித்தோம். செருப்பின்றி அவர் மிதிக்க, நாமும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தோம். 2019-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவம் முடிவதற்குள் வடபுறச் சுவரடி முழுவதும் பச்சை பிடித்துவிட்டது.

அவ்வாண்டு இறுதியில் உறுதிப்பூசுதல் வழங்க ஆயர் அவர்கள் வருவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் நாம் அலுவலாக வெளியூர் சென்றிருந்தோம். பங்கு வளாகத்தைத் தூய்மை செய்ய முன்வந்த பெண்கள் சங்கத்தினர், சாமியார் இல்லத்துச் சுவரோரம் வழுக்கிக்கொண்டு கிடக்கிறதே என்ற நல்லெண்ணத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். மாலையில் திரும்பிய நம்மிடம், "எவ்வளவு சுத்தமாயிருக்கு பாருங்க சாமி" என்று பெருமையுடன் காட்டினார்கள். நாம் என்ன சொல்வது? வந்த நாளன்று நாமே சொன்ன சொல்லைத்தானே அவர்கள் நிறைவேற்றினார்கள்! நன்றி கூறி, காப்பி கொடுத்து அனுப்பினோம். செய்தியறிந்த உபதேசியார் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் நம் முன் சிரித்தது அன்றுதான்.

கற்றுக்கொண்டவை

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றினால் ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. மக்களின்றித் திருப்பலி நிறைவேற்றிய அந்த மாதங்களின் தனிமையைக் குருக்கள் அறிவார்கள். அந்நாளில் நம் கைக்கு ஏதேனும் ஒரு பணி தேவைப்பட்டது. சாலையை அகலப்படுத்த இடித்த பழைய மதிற்சுவர் ஒன்றின் கற்களை முன்னரே வாங்கி வைத்திருந்தோம். அவற்றில் பாசி உயிரோடிருந்தது. பொறுமையாகத் தொடங்கினோம். இம்முறை பாசி நிலைத்தது. மலைப்பாங்கான இடங்களில் வாழும் அன்பர்கள் முயல விரும்பினால், நாம் பட்டறிந்தவற்றைச் சுருக்கிக் கூறுகிறோம்.

இடம்: நண்பகல் வெயில் படாத வடபுறம் சிறந்தது. மரநிழலாயின் உதிர்சருகு மிகாத மரமாக இருக்கட்டும்.

மண்: எரு வேண்டா. தேயிலை செழிக்கும் புளிப்புத் தன்மையுள்ள மண் பெரும்பாலான பாசிகளுக்கு ஏற்றது. சுண்ணாம்புக் காரை சிந்திய இடத்தில் இப்பாசிகள் தயங்கும். களைகளை வேரோடு நீக்கி, மண்ணை இறுக்கி, நனைத்துக்கொள்ள வேண்டும்.

விதை: பாறையில் வளர்ந்ததைப் பாறைக்கும், மண்ணில் வளர்ந்ததை மண்ணுக்கும், ஓட்டில் வளர்ந்ததை ஓட்டுக்குமே மாற்ற வேண்டும். இடம் மாற்றிப் பழக்க முயன்றால் பெரும்பாலும் மடியும். இடிந்த சுவர், மாற்றிய ஓடு, சாலை வெட்டுகையில் சரிந்த மண் ஆகியவற்றில் கிடைப்பதே போதும். சிறு துண்டுகளாகப் பிய்த்து, இடைவெளி விட்டுப் பதித்தாலும் காலப்போக்கில் ஒன்று கூடும்.

பதித்தல்: அடியில் காற்றுப் புகாதபடி அழுத்த வேண்டும். மண்ணோடு ஒட்டாத பாசி ஒருநாளும் பற்றாது. சரிவான இடமாயின் மூங்கில் ஊசி செருகலாம்.

நீர்: முதல் இரண்டு மாதங்கள் நாள்தோறும் மெல்லத் தெளிக்க வேண்டும், ஊற்றலாகாது. மழைநீரே சிறந்தது. குளோரின் கலந்த குழாய்நீரைத் தொடர்ந்து தெளித்த ஓரம் பழுத்ததைக் கண்டு, கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கத் தொடங்கினோம்.

பகை: உதிர்சருகு பகை, மூடிய இடத்தில் பாசி மூச்சு முட்டும், மென்மையான துடைப்பத்தால் அடிக்கடி அகற்ற வேண்டும். புழு தேடிக் கிளறும் பறவையும் கோழியும் பகை. எல்லாவற்றையும் விடப் பெரிய பகை, தூய்மை செய்ய முன்வரும் நல்லவர்கள்.

வளரவளர வகைகளின் வேறுபாடும் புலப்பட்டது. தேவதாரு நாற்றுகளைச் சிறிதாக்கி வைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும் பாலிட்ரைக்கம் ஒன்று. உலர்ந்தால் வெளிறி, தலையணைபோல் உருண்டு திரளும் லியூக்கோபிரையம் ஒன்று. பெரணி இலையைச் சிறிதாக்கியதுபோல் படரும் தூயிடியம் ஒன்று. சதுப்பில் வளரும் ஸ்ஃபாக்னம் என்னும் வகை தன் எடையைப்போல் இருபது மடங்கு வரை நீர் தாங்கும். முதல் உலகப் போரில் பஞ்சுக்கு மாற்றாகக் காயங்களைக் கட்ட அதைப் பயன்படுத்தினார்கள். உபதேசியாரின் தாயார் அவரை அமர்த்திய பாறையில் பங்குனியிலும் ஈரம் இருந்ததன் காரணம் நமக்கு விளங்கிற்று. பெய்த மழையைப் பாசி உடனே ஓடவிடாது பிடித்து, சிறிது சிறிதாக விடுகிறது.

கியோட்டோவில் ஒரு தோட்டம்

பாசியை அழகுக்காக வளர்ப்பதில் சப்பானியரே முன்னோடிகள். கியோட்டோ நகரில் சாயிஹோ-ஜி என்னும் புத்த மடாலயம் உள்ளது. மக்கள் அதைக் கோகெதெரா, அதாவது பாசிக் கோயில் என்றே அழைக்கிறார்கள். 1339-ஆம் ஆண்டில் முசோ சொசெகி என்னும் துறவி அதனைப் புதுப்பித்துத் தோட்டத்தை அமைத்தார். 'இதயம்' எனப் பொருள்படும் எழுத்தின் வடிவில் அங்கே ஒரு குளம் உண்டு. இன்று அங்கே ஏறத்தாழ 120 வகைப் பாசிகள் மரத்தடியெங்கும் படர்ந்துள்ளன.

ஆனால் அத்துறவி பாசித் தோட்டம் ஒன்றைத் திட்டமிட்டு அமைக்கவில்லை. காலப்போக்கில் வெள்ளமும் வறுமையும் வந்து, பராமரிக்க ஆளின்றி மடாலயம் கைவிடப்பட்ட நிலையில், மரநிழலும் ஈரமும் உள்ள அந்நிலத்தில் பாசி தானே வந்து குடியேறிற்று. பின்வந்த துறவிகள் அதை அகற்றாது பேணினார்கள். பேணுவது என்றால் சருகு பெருக்குவது, களை பிடுங்குவது, மிதியாதிருப்பது, இவையே. புகழ் பரவிக் கூட்டம் பெருகவே பாசிக்கும் சுற்றத்தார்க்கும் இடர் நேர்ந்தது. 1977-ஆம் ஆண்டு முதல், முன்கூட்டி அனுமதி பெற்றோர் மட்டுமே உள்ளே செல்லலாம் என்று விதித்தார்கள். 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் அது ஏற்கப்பட்டது. அன்பு மிகுதியாலும் ஒன்றை அழிக்க முடியும் என்று அத்துறவிகள் உரிய காலத்தில் உணர்ந்துகொண்டார்கள். நமக்கு அதை உணர்த்த ஒரு பாறை உரிய வேண்டியிருந்தது.

தட்டுகளில் வந்த புல்வெளி

2018, 2019, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளும் நம் குடிலில் பாசி இல்லை. வைக்கோலும் சருகும் மட்டுமே. "போட்டியில பரிசு வாங்குன பங்கு இப்படி வச்சிருக்கே" என்று சிலர் குறைபட்டார்கள். காரணத்தை மறையுரையிலேயே சொல்லிவிட்டோம். பாறையை உரித்த இளைஞர்களைக் குற்றம் கூறலாகாது, ஏவியவர் நாமே என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

2021-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பதினான்கு மரத்தட்டுகளில் பாசியைப் பதித்து வளர்த்தோம். கிறிஸ்மசுக்கு முந்தின மாலை உபதேசியார் கைத்தடியுடன் வந்தார். தட்டுகளை எங்கே வைப்பது, எங்கே கல் வைத்து விளிம்பை மறைப்பது என்று அமர்ந்தபடியே சொல்ல, அன்று பாறையை உரித்த அதே இளைஞர்கள் அடுக்கினார்கள். சூடேறும் விளக்குகளை விலக்கி வைத்தோம். நாள்தோறும் பீடச் சிறுவர்கள் நீர் தெளித்தார்கள். மூவரசர் திருநாள் முடிந்ததும் தட்டுகள் குப்பைக்குச் செல்லவில்லை; சுவரடிக்குத் திரும்பின.

அவ்வாண்டின் குடில் சிறியது. பின்புறம் பாதி சாக்குத்துணியால் மூடியதுதான். உபதேசியார் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இப்ப பாலனுக்குக் குளிராது சாமி" என்றார். அவர் அமைக்கச் சொல்லி நாம் பார்த்த கடைசிக் குடில் அது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு மழைநாளில் அவரை அடக்கம் செய்தோம்.

ஓடைப் பாறைக்கு ஆண்டுக்கு இருமுறை செல்கிறோம். விளிம்புகளில் பச்சை திரும்பியுள்ளது. சந்துகளில் விரற்கடை அளவு மண் சேர்ந்துள்ளது. நடுப்பகுதி இன்னும் வெறும் பாறையே. நாம் வளர்த்ததைக் கொண்டுபோய் ஒட்டலாமா என்று எண்ணியதுண்டு. ஒருமுறை ஒட்டியும் பார்த்தோம். முதற்பெருமழையில் ஓடையோடு போயிற்று. இளைஞர்கள் உரிக்க ஒரு பகல் போதுமானதாயிருந்தது. அது முழுவதும் மூடப்படுவதைக் காண நாம் இப்பங்கில் இருக்கப்போவதில்லை. ஒருவேளை இவ்வுலகிலும் இருக்கமாட்டோம்.

சமவெளிக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்குச் சுற்றுலா வரும்போது குடிலுக்கென்று பாசியைப் பெயர்த்து எடுத்துச் செல்லாதீர்கள். சாலையோரம் விற்பவரிடம் வாங்கவும் வேண்டா. மதுரையின் வெப்பத்தில் அது ஒரு வாரமும் தாங்காது. உங்கள் கிணற்றுச் சுவரிலும் செங்கல் சந்திலும் மழைக்காலத்தில் தானே தோன்றும் சிறு பாசி உங்கள் ஊர் வெயிலுக்குப் பழகியது. ஒரு மண்சட்டியில் செங்கற்றுண்டோடு அதை வைத்து நிழலில் பேணலாம். குடிலின் புல்வெளிக்கு, கிறிஸ்மசுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு கேழ்வரகையோ நெல்லையோ தட்டில் விதைத்தால் போதும். முளைப்பாரி வளர்க்கத் தெரிந்த நம் தாய்மார்க்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்பு உபதேசியாரின் மனைவி நம்மிடம் வந்தார். கணவரின் கல்லறை மேடையில் பாசி பிடித்துவிட்டதாகவும், மகன் சுரண்டி வெள்ளையடிக்க எண்ணுவதாகவும், சாமி என்ன சொல்கிறீர்கள் என்றும் கேட்டார். கல்லறை அவர்களுடையது, நாம் தடுப்பது முறையன்று. "அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பார் அம்மா?" என்று மட்டும் கேட்டோம். அவர் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளை மந்திரிக்கச் சென்றபோது பார்த்தோம். சிலுவை மட்டும் புது வெள்ளையில் பளிச்சென்றிருந்தது. மேடையைத் தொடவில்லை. அதன் மேல் கிடந்த சருகுகளை யாரோ அன்று காலைதான் மெல்லப் பெருக்கியிருந்தார்கள்.